அரைப்பேர்

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பூரணிக்கு, கொழும்பில் வேலை செய்யும் மகன் முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷின் ஒன்றை வாங்கி அனுப்பினான். காலையில் துணியைப் போட்டால், பிழிகிற நேரத்தில் அது குதித்துக் குதித்து வாசல்வரை நடந்துபோய் வழியை மறித்துக்கொள்ளும். அதைத் தள்ளிவிட்டு அவள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவதற்குள் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு முடித்திருப்பார். பிந்தினால் அரைநாள் சம்பளம்தான். தோட்டத்தில் அதை அரைப்பேர் என்பார்கள்.

கினிகத்தேனையிலிருந்து வந்த ரிப்பேர்காரர் மெஷினின் முதுகிலிருந்து நான்கு நீளமான போல்ட்டுகளைக் கழற்றினார்.

“லொறியில வரும்போது உள்ள ஆடாம இருக்கப் போட்டது அக்கா இது. இதோட ஓட்டினா குதிக்காம என்ன செய்யும்?”

“கம்பெனிக்காரன் போட்டத நாங்க எப்புடி தம்பி கழட்டுறது?” என்றான் அவள் புருஷன் அழகன்.

அதன்பிறகு மெஷின் அசையாமல் துவைத்தது. ஆனால் மறுநாள் விடியலில், பிளக்கைக் கழற்றி வைத்திருந்தும், வாசலில் வந்து நின்றது.

“மெஷின் வாசல மறிச்சிருச்சுங்கய்யா,” என்றாள் பெரட்டுக்குப் பிந்தி வந்த பூரணி.

“ஏன், அதுக்கும் பேரு போடணுமாமா?” என்று சிரித்தபடி கணக்கப்பிள்ளை அரைப்பேர் எழுதினார்.

அடுத்த நாள் வாசல் காலியாக இருந்தது. மெஷின் வைத்திருந்த மூலையும் காலியாக இருந்தது. திருட்டுப் போய்விட்டதென்று லயத்து வீடுகளைச் சுற்றித் தேடிக் களைத்து, பூரணி பெரட்டுக்கு ஓடினாள். பனிமூட்டத்தில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். கடைசி ஆளுக்குப் பக்கத்தில், கொழுந்துக்காரிகள் படங்குச் சாக்கு கட்டுவதுபோலத் தண்ணீர்க் குழாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு, மெஷின் நின்றது.

கணக்கப்பிள்ளை தலை நிமிராமல் சொன்னார்: “அது நேரத்துக்கு வந்திருச்சு, முழுப்பேரு. ஒனக்கு அரைப்பேரு.”