நிறைந்த கிண்ணம்

மொய்னாக் படகுத்துறையிலிருந்து உடைத்து எடுத்து வந்த சிமென்ட்டுத் துண்டு இன்றும் காயவில்லை. ஆரல் கடல் வற்றி அந்தத் துறையை விட்டுப் போய் ஒரு தலைமுறை ஆகிவிட்டது.

ஆய்வுக்கூட அடுப்பில் வைத்தால் எந்தச் சிமென்ட்டும் உள்ளே கட்டி வைத்திருக்கும் நீரை விட்டுவிடும். அதன் படிக அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று அமுங்கும், எடை குறையும். அங்கே சிமென்ட்டைச் சோதிக்கும் பீபிசாரா தினமும் பார்ப்பது இது. இந்தத் துண்டு மட்டும் அடுப்பிலிருந்து கனத்து வந்தது. எக்ஸ்ரேயில் அடுக்குகள் அகலத் திறந்தே கிடந்தன.

துறையை இடித்து விற்க வந்திருந்த பராகத், சிமென்ட் வலுவிழந்துவிட்டது என்ற சான்றில் அவள் கையெழுத்துக்காக உட்கார்ந்திருந்தார். விருந்தாளி என்பதால் அரைக் கிண்ணம் தேநீர் ஊற்றியிருந்தாள். விளிம்பு வரை ஊற்றினால் அந்த ஊரில் எழுந்து போ என்று அர்த்தம்.

“செத்த சிமென்ட்டுன்னு எழுதிக் குடு தங்கச்சி. கடலே போயிடுச்சு, இது யாருக்குக் காவல் நிக்குது?”

“சாகலை அண்ணே. தண்ணிய விடமாட்டேங்குது. நான் பொய் எழுத மாட்டேன்.”

“தண்ணியா? எங்க, காட்டு பார்ப்போம்!”

மிச்சத் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, சூடாறாத துண்டை எடுத்துத் தன் காலிக் கிண்ணத்தில் போட்டார்.

இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிண்ணத்தின் அடியில் ஈரம் பளபளத்தது. நீர் பாதி வரை ஏறியது. அங்கே நிற்காமல் விளிம்பைத் தொட்டு நின்றது. அறையெங்கும் மீன்வாடை அடித்தது.

பீபிசாரா கைகளைக் கட்டிக்கொண்டாள்.

“நான் ஊத்தலை அண்ணே,” என்றாள். “துறைதான் ஊத்தியிருக்கு. கெளம்புங்க.”