கண் எடுத்த நேரம்

மகளின் கை அவருடைய வலது கைக்குள் இருந்தது.

பார்த்துக்கொண்டிருந்ததால் தெரிந்தது.

பக்கவாதம் வந்துபோன கை. அசைவு திரும்பிவிட்டது. தொடு உணர்ச்சி திரும்பவில்லை.

பிசியோதெரபி அறையில் ஒரு பிடியை அழுத்தச் சொல்வார்கள். அழுத்தத்துக்கு ஏற்பத் திரையில் பச்சைக் கோடு ஏறும், இறங்கும். கோட்டைப் பார்த்தபடி பிடித்தால் ஆடாமல் நிற்கும். திரையை அணைத்துவிட்டால் போச்சு. ஒரே அளவாகத்தான் பிடித்திருக்கிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்க, அழுத்தம் ஏறிக்கொண்டே போகும்.

"கண்ணை எடுக்காதீங்க சார். கை சொல்லாததை உங்க மூளைக்குக் கண்ணுதான் சொல்லுது" என்றிருந்தாள் அங்கிருந்த பெண்.

சம்பந்தி வீட்டுக்கு இது தெரியாது. சொல்லக் கூடாது என்று வீட்டில் எல்லோரையும் தடுத்தவர் அவர்தான்.

தாரை வார்க்கும் நேரம். மனைவி செம்புடன் நின்றாள். மாப்பிள்ளை கையை நீட்டியிருந்தான்.

"சார், கொஞ்சம் நிமிருங்க. கேமராவைப் பாருங்க."

குனிந்தே இருந்தார்.

"பொண்ணை விட மனசில்லபோல" என்றார் சம்பந்தி. மேடை சிரித்தது.

நிமிர்ந்தார். அவரும் சிரித்தார்.

மகள் நிறைமதியின் கண்ணில் நீர் திரண்டது. பெண்கள் பக்கம் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

"அப்படியே இருங்கம்மா, அப்படியே" என்றான் போட்டோகிராபர்.

அவள் அழுவதைப் பார்த்து அவருக்கும் கண் கலங்கியது.

அப்புறம்தான் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

குனிந்தார்.

அவள் விரல்கள் வெளுத்துக் கிடந்தன. மோதிரம் பக்கத்து விரலில் அழுந்தித் தோல் கிழிந்திருந்தது.

இடது கையால் தன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். முகம் எரிந்தது.

"சித்தப்பாவைக் கூப்பிடும்மா" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "அவன் புடிச்சுக் குடுக்கட்டும்."

நிறைமதி போட்டோகிராபர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, எங்கப்பாவுக்குத் தொட்டாத் தெரியாது. பாத்தாத்தான் தெரியும். அவரை நிமிரச் சொல்லாதீங்க."

மேடை அடங்கியது. சம்பந்தி தொண்டையைச் செருமினார்.

அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அவள் தன் கையை மறுபடியும் அவர் கைக்குள் வைத்தாள்.

வைப்பதைப் பார்த்தார்.

மனைவி செம்பைச் சாய்த்தாள். தண்ணீர் மூன்று கைகளின் மேலும் வழிந்து தாம்பாளத்தில் விழுந்தது.

குளிர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.