பக்கத்துக் கடை வேன்

ஐந்தரை மணிக்கு அந்த வேன் மறுபடியும் வந்து நின்றது. கோதண்டபாணி குனிந்து ஒரு பெண்ணின் காலில் செருப்பை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். வேன் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணே, குதிகால்ல கடிக்குது" என்றாள் ஆரோக்கியமேரி. ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை பார்ப்பவள். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். இரண்டாம் முறை சொன்னபோதுதான் அவர் காதில் விழுந்தது.

வேறு ஜோடி எடுக்க எழுந்தவர் சுவர்க் கண்ணாடியில் தெருவைப் பார்த்தார். வேன்காரர் அட்டைப்பெட்டிகளை முகம் மறைய அடுக்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்குள் போனார். வெறுங்கையோடு வெளியே வந்தார். மறுபடியும் அடுக்கிக்கொண்டு போனார்.

"ஒரு மனுஷனுக்கு இவ்ளோவா?" என்று முணுமுணுத்தார் கோதண்டபாணி.

"என்னங்கண்ணே?"

"ஒண்ணுமில்லமா. இத போட்டுப் பாரு."

பக்கத்துக் கடை வக்கார் அகமதுடையது. ஆம்பூர் பஜாரில் இருவரும் பதினெட்டு வருஷமாக அடுத்தடுத்துச் செருப்புக் கடை வைத்திருந்தார்கள். காலை பதினோரு மணிக்கு ஒரு டீயை இரண்டாகப் பிரித்துக் குடிப்பார்கள். ஒருவர் கடையில் சைஸ் இல்லையென்றால் மற்றவர் கடையிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள்.

போன ரம்ஜான் முடிந்ததும் வக்கார் ஆன்லைனுக்குப் போய்விட்டார். ரேக், ஸ்டூல், கண்ணாடி எல்லாவற்றையும் விற்றார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து பெட்டிகளில் ஸ்டிக்கர் ஒட்டினார். முதலில் ஒரு டூவீலர்தான் வந்து போனது. பிறகு இந்த வேன்.

அன்றிலிருந்து கோதண்டபாணிக்கு டீ இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லித் தவிர்த்தார். வக்காரின் மகள் ஃபரீதாவின் நிச்சயத்துக்குக்கூட மனைவியை மட்டும் அனுப்பிவைத்தார்.

"நம்ம கடையும்தான் ஓடுது. இன்னாத்துக்கு அவரையே பாத்து வேகுறீங்க?" என்று கேட்டாள் மனைவி பூங்குழலி.

"ஓடுதா? ஒருத்தி நாலு ஜோடி போட்டுப் பாத்துட்டு ஒண்ணு வாங்கறா. அவரு எவ கால்லயும் குனியறதில்ல. தெனம் வேன் நெறைய சரக்கு எறங்குது. எறங்கறதே இவ்ளோன்னா, விக்கறது எவ்ளோ இருக்கும்?"

"அவருக்கு அமைஞ்சுது. வுடுங்களேன்."

விட முடியவில்லை. வக்கார் தூரத்தில் சிரித்தால்கூடத் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று தோன்றியது. ஒரு திங்கட்கிழமை காலையில் நேராகக் கட்டட உரிமையாளர் இருதயராஜின் வீட்டுக்குப் போனார்.

"மாசக் கடைசில கடைய காலி பண்றேங்க. வீட்லயே வச்சு ஆன்லைன்ல போடப்போறேன். பாய்க்கு வர்றது எனக்கு வராதா?"

இருதயராஜ் பேப்பரை மடித்து வைத்தார். "நல்லா யோசிச்சிட்டியா பாணி? வேற ஆளுக்குப் பேசி முடிச்சிட்டா, பின்னால இல்லன்னு வரக்கூடாது."

"யோசிச்சிட்டேன்."

புதன்கிழமை இருதயராஜிடமிருந்து போன் வந்தது. "கடைக்கு ஆள் வந்தாச்சுப்பா. வக்கார் பாய்தான். உன் ரேக்கு, ஸ்டூலு, கண்ணாடி எல்லாத்தையும் அப்படியே எடுத்துக்கறாராம். எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு."

பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்துப் பொருமியது போதாதென்று, இப்போது அவர் தன் இடத்திலேயே வந்து உட்காரப் போகிறார். கோதண்டபாணி கல்லாவைப் பூட்டக்கூட மறந்து வெளியே வந்தார். வக்கார் கடையின் பாதி இறக்கிய ஷட்டருக்குள் குனிந்து நுழைந்தார்.

உள்ளே கூரை வரை பெட்டிகள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடத்தில் வக்கார் பனியனோடு உட்கார்ந்திருந்தார்.

"வா பாணி. நீ உள்ள வந்து எத்தினி மாசம் ஆச்சு."

"ஒரு கடை பத்தலையா பாய் உங்களுக்கு? என்னுதும் வேணுமா?"

வக்கார் கோபப்படவில்லை. ஒரு பெட்டியைத் தள்ளி இடம் செய்தார். "நீயே விட்டுட்டேன்னு இருதயராஜ் சொன்ன பொறவுதான் கேட்டேன். அதுவும் உன்கிட்ட சொல்லிட்டுக் கேக்கலாம்னுதான் வந்தேன். நீ என்னப் பாத்ததும் உள்ள போய்ட்ட."

கோதண்டபாணி உட்காரவில்லை.

"எனக்கு வயித்தெரிச்சல்தான் பாய். மறைக்கல. பதினெட்டு வருஷமா ஒவ்வொரு காலா குனிஞ்சு விக்கறேன். நீங்க உக்காந்த எடத்துல மலையா குவிச்சிட்டீங்க. அதப் பாத்துத்தான் கடையையே விட்டேன். ஆன்லைன்ல இவ்ளோ ஓடறப்ப, உங்களுக்கு எதுக்கு என் கடை?"

"நாலு பேரு வந்து, கால்ல போட்டுப் பாத்து, சரியா இருந்தா வாங்கிட்டுப் போவணும். அதுக்குத்தான்."

"அதான் தெனம் வேன்ல சரக்கு வந்து எறங்குதே?"

வக்கார் கூரை வரை நின்ற பெட்டிகளை அண்ணாந்து பார்த்தார். பிறகு பனியனால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எறங்கறது எல்லாமே அளவு சேரலன்னு திரும்பி வந்தது, பாணி."