கம்பியில் நின்ற பெட்டி

பெட்டி நின்றுவிட்டது.

மேலே எல் ஆல்டோ நகரமும் எட்டவில்லை, கீழே லா பாஸ் நகரமும் எட்டவில்லை. மலைச்சரிவின் நட்டநடுவே முன்னும் பின்னும் இரண்டுமுறை ஆடிவிட்டு, கேபிள் கார் கம்பியில் அப்படியே தொங்கியது. ஆலங்கட்டி மழை கண்ணாடியில் சடசடவென்று விழுந்தது.

மின்னல் அடங்கியதும் ஓடும், அமைதியாக இருங்கள் என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண் சொன்னாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள்.

பத்து வருடமாக இந்த மஞ்சள் பெட்டிகளில் காலே வைக்காதவன் நான். அதற்கு ஒரு காரணம் உண்டு. இப்போது அது எதற்கு.

என் மனைவி ஹெர்மினியாவுக்கு மூச்சுத் திணறுகிறது, உதடெல்லாம் நீலமாகிவிட்டது என்று மத்தியானம் மகள் நைரா போன் செய்தாள். ஊரெல்லாம் சாலை மறியல். புதிதாக இன்னொரு கம்பி இழுக்கப் போகிறார்களாம். அதை எதிர்த்து மினிபஸ்காரர்கள் காலையிலேயே வண்டிகளைக் குறுக்கே நிறுத்திவிட்டார்கள். ஒரு டாக்சிகூட இல்லை. வீடு மேலே. நான் கீழே. வேறு வழியில்லாமல் ஓடிவந்து இதில் ஏறினேன்.

உள்ளே இருந்தவர்கள் ஊர் வழக்கப்படி வணக்கம் சொன்னார்கள். ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்தேன்.

பாதி தூரம் ஏறியபோது நைரா மறுபடி கூப்பிட்டாள்.

"ஆம்புலன்ஸ் கிடைச்சிருச்சுப்பா! அம்மாவ ஏத்திட்டோம். நீங்க வீட்டுக்கு வராதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க."

கடவுளே, இது போதும் என்றிருந்தது. ஆஸ்பத்திரி கீழேதான். மேலே போய் இறங்கி, அடுத்த பெட்டியிலேயே கீழே திரும்பிவிடலாம். அந்த நினைப்பு ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது.

இப்போது பெட்டிக்கு நேர் கீழே பள்ளம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், கல்லெறி தூரத்தில், மலைச்சாலையின் வளைவு. மேலிருந்து ஒரு ஆம்புலன்ஸ் சிவப்பு விளக்கைச் சுழற்றிக்கொண்டு வந்தது. வளைவில் மறியலைப் பார்த்து நின்றது.

இந்த நாளில் இந்தச் சாலையில் வேறு எந்த ஆம்புலன்ஸ் வரப்போகிறது.

எதிரே டை கட்டியிருந்தவர் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தார். "அநியாயத்தப் பாருங்க. ஆம்புலன்ஸையே மறிச்சிட்டானுங்க. இவனுங்களுக்கெல்லாம் பொண்டாட்டி புள்ள கிடையாதா?"

அவர் பக்கத்தில் தொப்பியும் கொசுவப் பாவாடையுமாக ஒரு சந்தைக்காரம்மா, மடியில் ரொட்டி மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். "மறிக்கலீங்க, நல்லாப் பாருங்க. வழிவிடத்தான் பாக்குறாங்க" என்றாள்.

அவள் சொன்னது சரி. ஆம்புலன்ஸ் வந்தால் வழிவிடுவது மறியலில் முறை. அதற்காகவே சாவிகளையெல்லாம் சங்கத் தலைவரிடம் கொடுத்துவைப்பார்கள். மூன்று வண்டிகளை ஓரம் கட்டிவிட்டார்கள். நடுவில் ஒரு வெள்ளை மினிபஸ் மட்டும் அசையவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் தோள்கொடுத்துத் தள்ளினார்கள். முன்சக்கரங்கள் மலைப்பாறையைப் பார்த்து முழுக்கத் திரும்பியிருந்தன. தள்ளத் தள்ள அது பாறையிலேயே போய் முட்டியது.

ஒருவன் கல்லால் ஜன்னலை உடைத்தான். கதவு திறந்தது. உள்ளே ஏறியவன் வெறுங்கையை விரித்துக்கொண்டு இறங்கினான். சாவி இல்லாமல் ஸ்டீயரிங் திரும்பாது.

"எந்தப் பாவி நிறுத்தினான் அத" என்றார் டை கட்டியவர்.

எனக்கு மூச்சு வாங்கியது. இந்த மலையில் பிறந்து வளர்ந்தவன் நான், எனக்கே காற்று போதவில்லை. வலது கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்க முடியவில்லை. விரல்கள் மரத்துப்போகிற அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தேன்.

சந்தைக்காரம்மா அதைக் கவனித்துவிட்டாள்.

"ஜெபமாலையா அண்ணே? உங்க ஆளுங்க யாராச்சும் அந்த வண்டியில இருக்காங்களா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"சொல்லுங்கண்ணே. நானும் கூடச் சொல்றேன்." ரொட்டி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, கண்ணை மூடி, மாதாவிடம் சத்தமாக வேண்ட ஆரம்பித்தாள். டை கட்டியவரும் தலை குனிந்தார். யாரென்றே தெரியாத என் மனைவிக்காக இரண்டு பேரும் வேண்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

போன் அடித்தது. எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தேன்.

முதலில் ஹெர்மினியாவின் மூச்சுதான் கேட்டது. இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது.

"அப்பா, குறுக்க நிக்கிறது நம்ம வண்டிப்பா." நைரா அழுதுகொண்டிருந்தாள். "சாவி தலைவர்கிட்ட இல்லையாம். எங்கப்பா இருக்கீங்க?"

மத்தியானம் அவள் கூப்பிட்டபோது வண்டிக்குள்தான் இருந்தேன். அதையே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். பத்து நிமிடம். துரோகி என்று சங்கத்தில் காறித் துப்புவார்களே என்று இறங்கி, கீழே கேபிள் கார் நிலையத்துக்கு ஓடினேன். ஓடுகிற அவசரத்தில் சாவியைக் கொடுக்க மறந்துவிட்டேன்.

"மேல பாரும்மா" என்றேன்.

ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்தது. சிவப்புக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு சின்ன உருவம் இறங்கியது.

ஜன்னலின் மேல் விளிம்பில் காற்றுக்காக விட்டிருந்த இடுக்கில், சாவியோடு கையை மணிக்கட்டுவரை வெளியே நுழைத்து ஆட்டினேன். ஆலங்கட்டி விரல்களில் விழுந்தது. சந்தைக்காரம்மா கண்ணைத் திறந்து அந்தக் கையைப் பார்த்தாள். வேண்டுதலை நிறுத்திவிட்டாள்.

நைரா போனைக் காதில் வைத்தபடி வானத்தைப் பார்த்தாள். கம்பி நெடுக நின்றிருந்த மஞ்சள் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.