மறுபக்கத்துப் படி

தீப்பெட்டித் தொழிற்சாலைத் தீ விபத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குக் கோவில்பட்டியில் நிவாரணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் அமைச்சருக்குப் பக்கத்தில் எம்.எல்.ஏ. சோலைராஜ் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

“ஓட்டு கேக்கையில என்னா பேச்சு பேசுனாரு! இப்ப வாயத் தொறக்காரான்னு பாருங்க மைனி” என்றாள் கூட்டத்தில் சுப்புத்தாய்.

“இவிய வீட்டுப் பொம்பளையா தீப்பெட்டி ஆபீசுல கெடந்து வெந்துது? அவருக்கு எப்படி வலிக்கும்?” என்றாள் மைனி.

தாசில்தார் இறந்தவர்கள் பட்டியலின் கடைசிப் பெயரை வாசித்தார்.

“பொன்மணி.”

யாரும் வரவில்லை.

சோலைராஜ் எழுந்து மேடையை விட்டு இறங்கினார்.

“ஒங்க பதவி அஞ்சு வருசந்தான். நான் தீப்பெட்டி ஆபீசு வேலைய விடமாட்டேன்” என்று அன்று சொல்லிச் சிரித்த அவர் மனைவி பொன்மணி.

முன்வரிசையில் அழுதுகொண்டிருந்த மகளைத் தூக்கிக்கொண்டு, நிவாரணம் வாங்குகிறவர்கள் ஏறும் படியில் அவர் மறுபடி ஏறினார்.