பயில்வானுக்குக் கவசம்

"இன்னும் ஒரு அடி வுழுந்தா உன் பயில்வான் செத்தான்டா" என்றான் மரியதாஸ்.

பாஸ்கல் உள்ளங்கையில் வேர்த்துப்போன பகடைக் காய்களைக் குலுக்கி மேசையில் உருட்டினான். பதினெட்டு விழுந்தது. "பொழைச்சான்!" என்று அவன் போட்ட கூச்சலில் வாசலில் மேய்ந்த கோழிகள் சிதறி ஓடின.

இந்தப் பயில்வானை வில்லியனூர்ப் பக்கம் யாரும் பார்த்ததில்லை. போன வருஷம், எண்பத்தைந்தில், மரியதாஸின் மாமா பாரீசிலிருந்து கொண்டுவந்த விளையாட்டுப் பெட்டியில் பிறந்தவன் அவன். ஒரு பிரெஞ்சுப் புத்தகம், பல முகமுள்ள காய்கள், ஆளுக்கொரு தாள். தாளில் இருக்கிற ஆள் காய் விழுகிறபடி குகைக்குள் போய்ப் பூதத்தோடு சண்டை போட்டுப் புதையல் எடுக்க வேண்டும்; ஜெயிக்க ஜெயிக்க அவன் பலம் படிப்படியாக ஏறும்.

புத்தகம் படித்துச் சொல்கிறவனும் மரியதாஸ், சண்டைக்குத் தலைவனும் மரியதாஸ். தானே பரீட்சை எழுதித் தானே மார்க் போட்டுக்கொள்கிற கதைதான். பாஸ்கலுக்குப் பிரெஞ்சு ஒரு எழுத்து தெரியாது. அவனுடைய தாளையும் மரியதாஸ்தான் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்திருந்தான்.

"நீ ரெண்டு படி ஏறிட்ட. நான் ஏன்டா ஒரு படிதான் ஏறறேன்?"

"சட்டம் அப்டி. தலைவன் ஏறுனாதான் கூட வர்றவன் ஏறுவான். பொஸ்தகத்துல போட்டிருக்கு."

"ஒரு கத்தியாவது குடேன்டா."

"அவன் கத்தி தூக்க மாட்டான். பலந்தான் அவன் ஆயுதம். வேணும்னா கவசம் வாங்கித் தர்றேன். அவன் ஒடம்பு வாகுக்கு அளவெடுத்து அடிக்கணும், ரெட்டை வெலை. கழுத்துக்கு ஒரு இரும்புப் பட்டை."

இரட்டை விலை என்றதும் பாஸ்கலுக்குப் பெருமை பிடிபடவில்லை. எவ்வளவு அகலமான மார்பாக இருந்தால் அளவெடுத்து அடிக்கச் சொல்வான்! தாளின் ஓரத்தில் முறுக்கு மீசையோடு பயில்வானைப் படம் வரைந்து வைத்துக்கொண்டான்.

இருவரும் ஒரே தெரு, ஒரே வயது, ஒரே கோயிலில் ஞானஸ்நானம். ஆனால் மரியதாஸின் அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, அறுபத்திரண்டில் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் குடும்பத்தையே பிரெஞ்சுக் குடும்பமாக்கிக்கொண்டவர். பாஸ்கலின் அப்பாவுக்கு, அதற்குக் கொடுத்த ஆறு மாசக் கெடுவில் ஒரு நாள்கூட வயலை விட்டு வர ஒழியவில்லை.

மரியதாஸ் அடுத்த செவ்வாய்க்கிழமை பாரீஸ் போகிறான். போய்ச் சேர்ந்து ஆறு மாசத்தில் பாஸ்கலுக்கும் வேலைக் காகிதம் அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருந்தான். அதை நம்பித்தான் பாஸ்கல் போன மாசம் தேடி வந்த மில் வேலையை வேண்டாமென்று விட்டான். "ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் வெக்கக் கூடாதும்மா" என்று, அழுத அம்மாவுக்குப் புத்தி வேறு சொன்னான்.

செவ்வாய்க்கிழமை காரில் ஏறும்போது மரியதாஸ் வீட்டுச் சாவியைப் பாஸ்கலின் கையில் வைத்தான். பெற்றவர்கள் முன்பே பாரீஸ் போய்விட்டதால் வீடு காலி.

"தென்னைக்குத் தண்ணி ஊத்துடா. ராவுல இங்கயே படுத்துக்க, திருட்டு பயம். காயிதம் தானா வரும்."

விளையாட்டுப் புத்தகத்தையும் கொடுத்தான். பெட்டியில் எடை கூடிவிட்டதாம். பாஸ்கலுக்கு அதற்கே கண் கலங்கிவிட்டது.

எட்டு மாசம் ஆயிற்று. தென்னை காய்த்தது, காகிதம் வரவில்லை. மில்லில் அந்த இடத்துக்கு வேறொருவன் வந்து கல்யாணமும் பண்ணிக்கொண்டான்.

கிறிஸ்துமஸ் லீவுக்குப் பாஸ்கலின் சித்தப்பா மகள் எலிசா ஊருக்கு வந்தாள். பட்டணத்தில் கன்னியாஸ்திரீகள் பள்ளியில் பிரெஞ்சு படிக்கிற பெண். பாஸ்கல் புத்தகத்தையும் தாளையும் தூக்கிக்கொண்டு அவளிடம் போனான்.

"என் பயில்வான் இனிமே எப்படி மேல வருவான்னு படிச்சு சொல்லு எலிசா. மரியதாஸ் கூப்டறதுக்குள்ள நான் தயாரா இருக்கணும்."

எலிசா தாளைப் பார்த்தாள். அதில் மரியதாஸ் குறித்திருந்த பக்கத்தைப் புத்தகத்தில் தேடி எடுத்து, விரல் வைத்து மெதுவாகப் படித்தாள்.

"தலைவன் ரெண்டு படி ஏறினா, இது ஒரு படி ஏறும்."

"பார்த்தியா! அவன் பொய் சொல்லல."

"பொதையல்ல இதுக்குப் பங்கு கெடையாது. வேளைக்குத் தீனி வெச்சா போதும்."

பாஸ்கல் சிநேகிதர்களுக்குள் என்ன பங்கு என்று தலையாட்டினான். "சரி, மேல படி."

"தலைவன் கடல் தாண்டிப் போனா, இதைக் கூட்டிக்கினு போவக் கூடாது. அவன் திரும்பி வர்ற வரைக்கும் இது வூட்டைக் காத்துக்கினு கெடக்கும்."

பாஸ்கலுக்குச் சுருக்கென்றது. இடுப்புக் கயிற்றில் தொங்கிய சாவியைக் கை தானாகப் பிடித்துக்கொண்டது.

"இன்னா எலிசா நீ, இது இதுன்னு படிக்கிற? அவன்னு மரியாதையா படி."

எலிசா முந்தின பக்கத்தைத் திருப்பித் தலைப்பைப் பார்த்தாள். தாளின் முதல் வரியை இன்னொரு தரம் படித்தாள். அதன் ஓரத்தில் முறுக்கு மீசையோடு சிரித்த பயில்வானையும், பிறகு பாஸ்கலையும் பார்த்தாள். அவள் கண்ணில் நீர் கட்டிவிட்டது.

"அவன்னு படிக்க முடியாதுண்ணா. இது நாய்ங்களுக்குப் போட்ட சட்டம்."