ஒரு வேண்டாம்

பொக்லைன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. மதுவந்தி கையை இறக்கினால் அதுவும் இறங்கும்.

வடிகால் ஆறு கரையின் கழுத்து வரை வந்திருந்தது. கிழக்கே, கரையை ஒட்டிக் குடியிருப்பு. மேற்கே, கதிரில் பால் பிடித்திருந்த சம்பா.

மேற்குக் கரையை வெட்டிவிட்டால் வீடுகள் தப்பும், நெல் போகும். வெட்டாமல் விட்டுத் தண்ணீர் இன்னும் ஏறினால், வீடுகள் போகும்.

செயற்பொறியாளர் முடிவு செய்ய வேண்டும். இங்கே செயற்பொறியாளர் மதுவந்திதான்.

மழை விட்டிருந்தது. ஆனால் மேலேயிருந்து வெள்ளம் எவ்வளவு வந்துகொண்டிருக்கிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வந்து இறங்கியதிலிருந்து அவள் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில்தான் பேசிக்கொண்டிருந்தாள். மேலதிகாரிகள் எல்லாவற்றையும் விசாரித்தார்கள். கடைசியில், ஸ்பாட்டில் இருப்பது நீங்கள், நீங்களே பார்த்துச் செய்யுங்கள் என்று வைத்துவிட்டார்கள்.

"என்ன சதீஷ், வெட்டிடலாமா?" என்று தன் உதவிச் செயற்பொறியாளரைக் கேட்டாள்.

"நீங்க சொன்னா சரிங்க மேடம்."

இதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போயிருந்தது. ஆபீஸில் ஜன்னலைத் திறக்கட்டுமா என்று கேட்டாலும் இதே பதில்தான். அவன் பிடித்திருந்த குடைக்கு வாய் இருந்திருந்தால் அதுவும் இதைத்தான் சொல்லியிருக்கும்.

இத்தனை பேரில் ஒருத்தருக்குக்கூடவா வேறு மாதிரி தோன்றாது?

ஒரு வேண்டாம். ஒரே ஒரு வேண்டாமுக்கு அவள் ஏங்கிப்போயிருந்தாள்.

கணவர் பஞ்சாபகேசன் இருந்தவரை வீட்டில் அதற்குக் குறைவே இல்லை. வேண்டாம் மது, கோபத்தோடு போன் பண்ணாதே. வேண்டாம் மது, இந்தப் புடவை உனக்கு எடுபடவில்லை. பாபநாசம் வீட்டு வாசலில் ஜீப் நிற்கும்போதே கதவைத் திறந்துகொண்டு வருவார்.

"அந்த ஆபீஸ் மூஞ்சியைச் செருப்போட கழட்டிப் போட்டுட்டு உள்ள வா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்தபடிதான் படியேறுவாள்.

அவருடைய முதல் வருஷத் திவசமும் முடிந்துவிட்டது. சாயங்காலம் இரண்டாவது காபிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, இப்போதும் அவள் கொஞ்சம் நின்று பார்ப்பாள். வேண்டாம் என்று கூடத்திலிருந்து குரல் வராது. போட்டுக் குடித்துவிட்டுத் தூக்கம் வராமல் புரள்வாள்.

கரை மேல் ராமாயி நின்றிருந்தாள். வெட்டினால் முதலில் முழுகுவது அவளுடைய குத்தகை நிலம். கெஞ்சிப் பார்த்தாயிற்று, அழுதும் முடித்தாயிற்று. இப்போது கதிரைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள்.

மதுவந்தி கையை இறக்கப் போனாள்.

"வேண்டாம் மேடம்."

அவளுக்கு உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது.

திரும்பினாள். நிலோஃபர். உதவிப் பொறியாளர். வேலையில் சேர்ந்த பிறகு அவள் பார்க்கிற முதல் மழைக்காலம் இது. சேற்றில் தோய்ந்த துப்பட்டாவை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தாள். மேலே ஏதோ சொல்ல வந்தவள் ஆற்றுப் பக்கம் கையை நீட்டினாள்.

மதுவந்தி அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஏன் என்று கேட்கத்தான் பார்த்தாள். தயங்காமல் சொல்லு பெண்ணே என்றுதான் பார்த்தாள்.

நீட்டிய கை மெல்ல மடங்கியது.

"இல்லிங்க மேடம். நீங்க சொன்னா சரிங்க."

இவளும் அவ்வளவுதானா. மதுவந்திக்கு வாய்விட்டு அழலாம் போலிருந்தது. போன் மறுபடி அடித்தது. எடுக்காமல் கையை இறக்கினாள்.

பொக்லைன் கரையில் இறங்கியது.

ராமாயியைப் பார்க்கத் தைரியமில்லாமல் அவள் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நிலோஃபர் கை காட்டிய பக்கம்.

அங்கே கரையோரத் தண்ணீரில் ஒரு மூங்கில் குச்சி நட்டிருந்தது. வெள்ளம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கக் காலையில் வந்ததும் நிலோஃபர் நட்ட குச்சி. தண்ணீர் தொடுகிற இடத்தில் அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டியிருந்தாள்.

துணி இப்போது தண்ணீருக்கு மேலே இருந்தது. இரண்டு விரற்கடை இருக்கும். துணிக்கும் தண்ணீருக்கும் நடுவில் மூங்கில் இன்னும் காயாமல் ஈரமாக இருந்தது.

ஆறு தானாகவே இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் நிறுத்தச் சொல்லிக் கத்துவதற்குள் கரை உடைந்துவிட்டது. ஒரு வாளி மண்ணைத்தான் பொக்லைன் எடுத்திருந்தது. மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொண்டது. ராமாயியின் கதிர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு தெரியாமல் போயின.

"இந்தக் குச்சியை யாருமே பாக்கலையா?"

"பாத்தோம் மேடம்," என்றான் சதீஷ். "எல்லாருமேதான் பாத்தோம்."

அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க அவள் நிலோஃபரின் பக்கம் திரும்பினாள். அந்தப் பெண் தன்னையறியாமல் ஓரடி பின்னால் போனாள்.

மதுவந்தி ஈரக் கையால் தன் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

அவர் போன பிறகு அந்த ஆபீஸ் மூஞ்சியை அவள் ஒருநாளும் கழற்றவில்லை.